தட்டில் வைத்த சாவி

வண்டி போனதற்குக்கூட சின்னத்தாயி அவ்வளவு கொதிக்கவில்லை. போன வண்டியை மகனே விற்றுத் தின்றுவிட்டான் என்றார்களே, அதற்குத்தான் கொதித்தாள். திருட்டுக் கொடுத்தவனையே திருடன் என்று சொல்லும் நியாயம் எந்த ஊரிலாவது உண்டா? பல்லடத்துக்குத் தெற்கே, அவள் இருக்கிற ஊரில் உண்டு.

மகன் ரவிக்குமார் ஆவணி மாத முகூர்த்தம் ஒன்றுக்கு நிச்சயதார்த்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு தாராபுரம் போனான். மண்டபத்துக்கு எதிரே புளியமரத்தடியில் வேனை நிறுத்தி, எல்லாக் கதவையும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்கு உட்கார்ந்தான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தால் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, வேன் இல்லை. கீழே ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை. சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த உடையாத கண்ணாடிதான் கடைசியில் அவன் தலையில் விடிந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். வண்டி வாங்கும்போது கொடுத்த இரண்டு சாவியையும் கேட்டார். பையில் இருந்ததை ரவிக்குமார் கொடுத்தான். இன்னொன்று மாரியம்மன் படத்து ஆணியில், இரண்டு வருசத்துக் குங்குமம் காய்ந்துபோய்த் தொங்கியது. சின்னத்தாயி அதைக் கண்ணில் ஒற்றி எடுத்துக் கொடுத்தாள். சர்வேயர் குங்குமத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு, சாவியின் தலையில் பொடி எழுத்தில் அடித்திருந்த எண்ணைப் பார்த்தார். ஷோரூம்காரர்கள் சொன்ன கணக்குப்படி அந்த வேனுக்கு உண்டான சாவி 3182. பையில் இருந்த சாவி அதேதான். படத்தில் தொங்கிய சாவியோ 5047.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அசல் சாவியை வண்டி வாங்கினவன் கையில் கொடுத்துவிட்டு, எங்கேயோ கிடந்த சாவியை இங்கே மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று சாவதானமாகச் சொன்னார். கிளைம் கிடையாது, போலீசுக்கும் எழுதிவிடுவேன் என்றார். ஆபீஸில் கேட்கும்போது இரண்டு சாவியையும் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவள் போட்டுவைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. அதை எடுத்து வாசலில் ஊற்றினாள் சின்னத்தாயி. அவர் முகத்தில் ஊற்ற முடியவில்லையே என்றுதான் இருந்தது.

அப்புறம் ஸ்டேஷன். தினமும் காலையில் ரவிக்குமார் போய்ப் பெஞ்சில் உட்கார வேண்டும். பொழுது சாய்ந்த பிறகுதான் விடுவார்கள். ஒரு நாள் இடது காது வீங்கி வந்தான். ஆயுத பூஜை லீவு முடியட்டும், கேஸ் எழுதி உள்ளே அனுப்புகிறேன் என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார். கண்ணாடியும் உடையாமல் பூட்டும் உடையாமல் வண்டி போகிறதென்றால் சாவி போட்டுத்தானே போயிருக்க வேண்டும், சாவி உன்னிடம்தானே இருக்கிறது என்பது அவர் கேள்வி. கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். பதில் தெரிகிற மட்டும் அடிப்பது எந்த ஊர் நியாயம்?

ஊருக்கு ஒதுக்காக அவள் குடியிருக்கிற வளவுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நேற்றுவரை அந்த வேனில் கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்கும் பழனிக்கும் போய்வந்தவர்கள், இப்போது தண்ணிக்குழாயில் குடம் வைத்துக்கொண்டு, நம்மைப்போலக் கூலிக்குப் போகிற புழுக்கைக்கு வேன் எதற்கு என்று சின்னத்தாயி காதில் விழும்படி பேசினார்கள். பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்.

இவ்வளவுக்கும் நடுவே, ஒரு நாள் சோறு போடும்போது, அவள் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"கண்ணு, நெசமாவே நீ யாருகிட்டயும் சாவி குடுக்கலையா?"

ரவிக்குமார் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். வட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். ஊர் கேட்டதைத் தானும் கேட்டுவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. படத்து ஆணியிலிருந்து அந்த 5047-ஐக் கழற்றி, இன்னொரு சாவியையும் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போனாள்.

உக்கடத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி, அப்துல் கையூம் என்பவருக்குப் பெட்டிக்கடை அகலத்தில் ஒரு சாவிக்கடை. ஊரில் இருக்கிற பூட்டெல்லாம் தன் பொறுப்பு என்பதுபோல எந்நேரமும் சிடுசிடுவென்று இருப்பார். சின்னத்தாயி இரண்டு சாவியையும் அவர் முன்னால் வைத்து, இது யார் வெட்டின டூப்ளிகேட்டு என்று மட்டும் சொல்லுங்கள் பாய் என்றாள். அவர் 5047-ஐத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியால் பல்லைத் தடவினார். பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

இது டூப்ளிகேட்டே இல்லை என்றார். அரம் பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை, எண்ணும் கம்பெனியில் அடித்தது. அதாவது இது வேறொரு வேனின் அசல் சாவி. இரண்டுக்கும் ஒரே ஒரு பல்லில்தான், அதுவும் நெல்முனை அளவுதான் வித்தியாசம். இது உங்கள் வண்டிக்குச் சேர்ந்திருக்குமே என்று கேட்டார். சேர்ந்தது. ரவிக்குமார் எப்போதாவது தன் சாவியை வைத்த இடம் மறந்தால் அம்மன் சாவியைத்தான் எடுத்துப் போவான்; மயிரிழை வெளியே இழுத்துத் திருப்பினால் திறக்கும் என்று சொல்லியிருக்கிறான்.

"வண்டிக்கு வண்டி புதுசா வெட்டறதுக்கு கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனாங்க அம்மா? கொஞ்சம் வெட்டுத்தான் இருக்குது, அதையேதான் திருப்பித் திருப்பிப் போடறான். பூட்டு தேஞ்சா எது வேணும்னாலும் சேரும். வண்டி வெச்சிருக்கறவனுக்கு இது தெரியாது. களவாணிக்குத் தெரியும்."

அப்படியானால் ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்லுங்கள் என்று சின்னத்தாயி கேட்டாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஊரில் எங்கே பூட்டுத் திறந்தாலும் போலீஸ் முதலில் ஏறுவது தன் கடையில்தான், தானாகப் போய் வேறு தலையைக் கொடுக்க வேண்டுமா என்றார். அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வரவில்லை. அவரும் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான் என்று புரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரே யோசனை. வேறொரு வேனின் அசல் சாவி தன் வீட்டுக்கு எப்படி வரும்? அந்தச் சாவி வெளியார் கைக்கு என்றைக்குப் போனது? சூலூர் தாண்டும்போது அவளுக்கு விளங்கியது. ஒரே ஒரு நாள்தான் போயிருக்கிறது. வண்டி வாங்கின அன்றைக்கு.

வண்டியை எடுத்த கையோடு ஷோரூம் பக்கத்துப் பிள்ளையாருக்கே ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரலாம் என்றுதான் ரவிக்குமார் சொன்னான். அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள். ஊர் மாரியம்மன் கோயில் முன்னால்தான் பூஜை போட வேண்டும். புருஷன் நஞ்சப்பன் சாகிறவரை அடுத்தவன் வண்டி மாட்டை ஓட்டினான், அவன் மகன் சொந்த வேன் ஓட்டுகிறான், ஊர் பார்க்கட்டும் என்று அவளுக்கு ஆசை. அன்றைக்கே, ஊரில் தோட்டமும் பண்ணையும் வைத்திருக்கிற பண்ணாடி சென்னகேசவனும் கோழிப்பண்ணைக்கு ஒரு வேன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதே ஷோரூம், அதே வெள்ளை, சாவியில் அதே பிளாஸ்டிக் வில்லை.

பண்ணாடி வாசற்படி ஏறிப்போய்த் தன் சாவியைத் தட்டில் வைத்தார். சின்னத்தாயி வீதியிலேயே நின்றாள். அவர்கள் வளவுச் சனம் நிற்க வேண்டிய இடம் அதுதான். பூசாரி அப்புசாமி, சாவியை வெற்றிலையில் வைத்துக் கீழே வை என்றார். அவள் வைத்துவிட்டு விலகிய பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போய், பண்ணாடி சாவி இருந்த தட்டிலேயே போட்டார். தீபாராதனை முடிந்ததும் தட்டைப் பண்ணாடியிடம் நீட்டினார். அவர் யாருடனோ பேசிக்கொண்டே கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்ததைப் பூசாரி வீதிக்குக் கொண்டுவந்து, ஒரு முழ உயரத்திலிருந்து, குங்குமத்தோடு சேர்த்து அவள் முந்தானையில் போட்டார்.

போட்டார் என்ன போட்டார், எறிந்தார். அன்றைக்கு அது அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து விபூதியும் அப்படித்தான் விழுகிறது, கூலியும் அப்படித்தான் விழுந்தது. இன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து நினைக்க நினைக்க ஆறவில்லை. என் பொருளை நானே பார்த்து எடுத்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் பண்ணினார்களே, அதற்கு இப்போது என் பிள்ளை அடி வாங்குகிறானே என்று பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டே சொன்னாள்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். பண்ணாடியை வந்து அப்படிச் சொல்லச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றார் எஸ்.ஐ. உன் பேச்சைக் கேட்டு அவர் வீட்டு பீரோவைத் திறக்கச் சொல்ல என்னால் ஆகாது என்றும் சொல்லிவிட்டார். பூசாரியிடம் போனாள். அம்மன் தட்டில் தப்பு நடக்காது என்று அவர் உள்ளே போய்விட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா.

பண்ணாடி வீட்டு வாசலில் சின்னத்தாயி அடக்கமாகத்தான் நின்றாள். கோபத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு, ஏனுங்க, உங்க வேன் சாவியில இருக்கற நம்பரை மட்டும் பாத்துச் சொல்லுங்க, அது போதுமுங்க என்றாள். சென்னகேசவன் கெட்டவர் என்று ஊரில் பேர் எடுத்தவர் இல்லை. தீபாவளிக்கு வளவு முழுக்கத் துணி எடுத்துக் கொடுப்பவர்தான். ஆனால் கொடுக்கிற கைக்குக் கேட்கிற குரல் பிடிக்காது. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்தார். பித்தளை மயில் வைத்த கொத்து. பீரோ சாவி, தீவன கோடவுன் சாவி, நடுவிலே குங்குமம் ஏறிய ஒரு வேன் சாவி. அதை அவள் கண்ணுக்கு நேராக ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"பூசை போட்ட சாவி இதுலதான் இருக்குது. என்ர சாவி என்ர வண்டிக்குச் சேருது. அப்புறம் அது எப்படி உன்ர சாவியாகும்? நாளைக்கு என்ர ஊட்டையே உன்ர ஊடுன்னு சொல்லுவியாட்ட இருக்குது."

கொத்து மறுபடியும் இடுப்புக்குப் போய்விட்டது. சேரட்டுமுங்க, நம்பரைப் பாருங்க என்று அவள் சொன்னது காலி வாசலுக்குத்தான் கேட்டது. அவர் வீட்டுக்குள் போயிருந்தார். ஒரு எட்டில் எட்டிப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கியிருந்தால் அம்மாவும் மகனும் சேர்ந்து உள்ளே போயிருப்பார்கள். வீட்டுக்கு வந்து, பாத்திரங்களை எல்லாம் போட்டு உருட்டினாள். அம்மா, விட்டுவிடு, நடப்பது நடக்கட்டும் என்றான் ரவிக்குமார். அவன் அப்படிச் சொன்னதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. குற்றம் செய்யாதவன் விட்டுவிடு என்று சொல்லும்படி ஆக்கிவிட்டார்களே.

ஆயுத பூஜை வந்தது. அந்த ஊரில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. மம்மட்டி, அரிவாள், தறிக்கட்டை, தராசு எல்லாம் வீட்டோடு கும்பிட்டுக்கொள்ளலாம். வண்டி வாகனத்தைக் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்த வேண்டும். வீட்டில் இருக்கிற சாவி ஒன்று பாக்கியில்லாமல் அம்மன் தட்டுக்கு வந்தாக வேண்டும். ஒரு சாவி விட்டுப்போனாலும் அந்தப் பூட்டு அந்த வருசம் வஞ்சனை செய்துவிடும் என்பார்கள். எனக்குக் காட்டாத சாவியை அம்மனுக்குக் காட்டித்தானே ஆக வேண்டும் என்று சின்னத்தாயி அந்த நாளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். ஸ்டேஷன் ஜீப்பும் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூஜைக்கு வந்து நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வீதி முழுக்க வேனும் லாரியும் மோட்டார் சைக்கிளும் நின்றன. எஸ்.ஐ. ஜீப் சாவியைத் தானே கொண்டுபோய் வைத்தார். சென்னகேசவன் மயில் கொத்தை வைத்தார். பெரிய பித்தளைத் தட்டு, அதில் ஊர்ச் சாவி முழுக்கக் குவிந்து கிடந்தது. தீபாராதனை முடிந்து, அப்புசாமி தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படிக்கு வந்தார்.

சின்னத்தாயி நடந்தாள். ஓடவில்லை. வீதியைத் தாண்டினாள், விளக்குத்தூணைத் தாண்டினாள், அவள் அம்மாவும் பாட்டியும் தாண்டாத படியில் காலை வைத்து ஏறினாள். யாருக்கும் என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. ஒரு கையால் தட்டின் விளிம்பைப் பிடித்தாள். மறு கையால் மயில் கொத்தை எடுத்தாள். எழுத்துத் தெரியாதே தவிர, பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண் பழகியவள். தறியில் அறுந்த நூலைக் கண்ணாலேயே பிடிக்கிறவள். கட்டைவிரலால் குங்குமத்தைத் தேய்த்துப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எஸ்.ஐ. முன்னால் நீட்டினாள்.

"சத்தமாப் படியுங்க சாமி. ஊரு கேக்கோணும்."

அவர் படிப்பதா வேண்டாமா என்று பண்ணாடியைப் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று, ஒன்று, எட்டு, இரண்டு என்று மெதுவாகப் படித்தார். அந்த எண் அவருக்கும் மனப்பாடம். அதைச் சொல்லிச் சொல்லித்தானே அவனைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

சென்னகேசவன் அப்போதும் விடவில்லை. இது என் வண்டிக்குச் சேர்கிறது, இரண்டு வருசமாகச் சேர்கிறது என்றார். சின்னத்தாயி முந்தானையை அவிழ்த்து 5047-ஐ எடுத்து, உங்களுது இதுதானுங்க, போட்டுப் பாருங்க என்று எஸ்.ஐ. கையில் கொடுத்தாள். பண்ணாடியின் வேன் அதற்கு வெண்ணெய் மாதிரித் திறந்தது. அப்போதுதான், வீதி ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ரவிக்குமார், யாரும் கூப்பிடாமலே வந்தான். அம்மா திரும்பக் கொடுத்துப் பையில் இருந்த தன் சாவியை எடுத்தான். பண்ணாடியின் வேன் கதவை அறைந்து சாத்திப் பூட்டிவிட்டு, தன் சாவியைச் செருகி, மயிரிழை வெளியே இழுத்துத் திருப்பினான். கதவு திறந்தது.

"கண்ணாடி உடையல பாருங்க சார். பூட்டும் உடையல. இப்ப இந்த வண்டிய வித்துப்போட்டது யாருங்க?"

எஸ்.ஐ. வீங்கிய காதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், சர்வேயருக்கு நான் எழுதுகிறேன் என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று சின்னத்தாயி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. சென்னகேசவன் தன் வேனையே அந்நியன் வண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புசாமிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. அவர் கவலை வேறு. தட்டு தீட்டாகிவிட்டது, படி தீட்டாகிவிட்டது, எல்லாவற்றையும் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து பூஜை போட வேண்டும், யார் கேட்டு இவள் தட்டைத் தொட்டாள் என்று கத்தினார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். படி இறங்கப் போன சின்னத்தாயி நின்றாள். 3182-ஐக் கொத்திலிருந்து கழற்றி, முந்தானையில் முடிந்து, இறுக்கி ஒரு இழு இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அன்னைக்கே என்னையத் தொட்டு எடுத்துக்க உட்டிருந்தீங்கன்னா, உங்க சாவி உங்க ஊட்டுலயும் எங்க சாவி எங்க ஊட்டுலயும் இருந்திருக்குமுங்க. என்ர பையன் காதுல அடி உழுந்திருக்காது."

ஆமாம் என்றவர்களின் கண்ணெல்லாம் தட்டின்மேல் இருந்தது. ஒருவர் மெல்லப் படியேறி வந்து, குவியலைக் கிளறி ஒரு சாவியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து நம்பரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் ஏறினார். பூசாரி தட்டை நீட்டவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார். ஊர்ச் சாவி அத்தனையும் அவர் கையில்தான் இருந்தது. எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.